பிறமொழி போதிக்கும் ஆசிரியரும் நம் வர்க்கமே!

(கும்மிடிப்பூண்டி ஆலைத் தொழிலாளர்களும், பொன்னேரி – திருவள்ளூர் வட்டார விவசாயத் தொழிலாளர்களும் கூடிய படிப்பு வட்டத்தில் ஆற்றிய உரை)

தோழர்களே!

இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம், பல்கலைக்கழகங்களில் பிறநாட்டு மொழிகளையும் இலக்கியங்களையும் போதிக்கும் ஆசிரியர்களைப் பற்றியது. "பிரெஞ்சும் ஜெர்மனும் ஜப்பானியமும் சொல்லிக் கொடுக்கிறவருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? ரோலிங் மில்லில் பழுக்கக் காய்ந்த இரும்பை இடுக்கியால் பிடித்து இழுக்கிறவனுக்கு அது எதற்கு? பொன்னேரிக் கழனியில் முழங்கால் சேற்றில் நின்று நாற்று நடுகிறவளுக்கு அது எதற்கு?" என்று சில தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

சம்பந்தம் உண்டு, இரண்டு வகையில் உண்டு. ஒன்று: பிறமொழி அறிவு என்பது ஒரு கருவி. யார் கையில் இருக்கிறதோ அவருக்கே அது வேலை செய்யும். ஆண்டவர்கள் கையில் இருந்தபோது அது நம்மை வரி கறக்க உதவியது. தொழிலாளி கையில் வந்தபோது அது வேலைநிறுத்தத்தை வெல்ல உதவியது. இரண்டு: அந்தக் கருவியைச் செய்து கொடுக்கும் ஆசிரியர் இன்று எப்படிப் பிழைக்கிறார் என்று பாருங்கள். நம் ஆலை வாசலில் காண்ட்ராக்ட் மேஸ்திரியின் நோட்டுப் புத்தகத்தில் பெயர் கொடுத்துவிட்டு நிற்கிற தொழிலாளிக்கும் அவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இந்த இரண்டையும் வரிசையாகப் பார்ப்போம்.

வரி வசூலுக்கு ஒரு கல்லூரி

நம் சென்னையில் இந்தக் கதை 1812ல் தொடங்குகிறது. அந்த வருஷம் கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு கல்லூரியைத் திறந்தது. அதன் பெயர் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி. நுங்கம்பாக்கத்தில் காலேஜ் ரோடு என்று ஒரு சாலை இருக்கிறதே, அந்தப் பெயரில் உள்ள காலேஜ் இதுதான். சீமையிலிருந்து வந்து இறங்கும் இளம் வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்களுக்குத் தமிழ், தெலுங்கு முதலான மொழிகளைக் கற்றுக்கொடுப்பது அதன் வேலை. அவர்களுக்குத் தமிழ்தான் பிறநாட்டு மொழி! போதித்தவர்களோ நம்மவர்கள். 1826ல் மராத்தியிலிருந்து பஞ்சதந்திரத்தைத் தமிழாக்கிய தாண்டவராய முதலியார் அங்கே தமிழாசிரியராக இருந்தவர்.

இந்தக் கல்லூரிக்கு வித்திட்டவர் பிரான்சிஸ் வைட் எல்லிஸ். 1810லிருந்து 1819ல் சாகும் வரை சென்னைக் கலெக்டர். பெரிய படிப்பாளி. தமிழும் தெலுங்கும் கன்னடமும் சமஸ்கிருதத்தின் கிளைகள் அல்ல, தனிக் குடும்பம் என்று 1816லேயே எடுத்துக் காட்டினார். கால்டுவெல் நூல் வந்தது அதற்கு 40 வருஷம் கழித்து, 1856ல். அந்த உழைப்பை நாம் குறைத்துப் பேச வேண்டியதில்லை. ஆனால் கம்பெனி இந்தக் கல்லூரிக்குப் பணம் கொட்டியது தமிழ் மீது கொண்ட காதலாலா? இல்லை. கர்ணம் எழுதும் கணக்கைப் படிக்க வேண்டும். ஓலையில் உள்ள பத்திரத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். வரி ஒரு காசு குறையாமல் கஜானாவுக்கு வர வேண்டும். அதற்குத்தான் மொழி!

நம் மண்ணிலேயே இதற்கு அத்தாட்சி இருக்கிறது. திருவள்ளூரும் பொன்னேரியும் கும்மிடிப்பூண்டியும் அன்று செங்கல்பட்டு ஜில்லா. திருவள்ளூர் தனி மாவட்டமானது 1997ல்தான். இந்தத் தொண்டை மண்டலத்துக் கிராமங்களில் நிலத்தின் மீது யாருக்கு என்ன பாத்தியதை என்று சென்னை சர்க்கார் 17 கேள்விகள் கேட்டது. சங்கரய்யா என்ற இந்திய அதிகாரி பதில் எழுதினார். எல்லிஸ் அனுபந்தங்கள் சேர்த்தார். 1818ல் அது புத்தகமாக அச்சானது. கல்வெட்டையும் பழைய சாசனங்களையும் தேடிப் படித்து எழுதிய நூல் அது. எதைப் பற்றி? மிராசு பாத்தியதையைப் பற்றி!

தோழர்களே, யோசித்துப் பாருங்கள். சாசனமும் பத்திரமும் யாரிடம் இருக்கும்? மிராசுதாரிடம்தான் இருக்கும். தலைமுறை தலைமுறையாக ஏர் பிடித்த பண்ணையாளிடம் பத்திரம் ஏது? தமிழ் கற்ற வெள்ளைக்காரனின் காதில் மிராசுதாரின் தமிழ் விழுந்தது. சேரித் தமிழ் விழவில்லை. அது விழுவதற்கு இன்னும் 70 வருஷத்துக்கு மேல் ஆயிற்று. 1891ல் செங்கல்பட்டுக் கலெக்டர் டிரமென்ஹீர், இந்த ஜில்லாவின் பறையர் மக்கள் குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லாமல் அடிமைகள் போலக் கிடப்பதை அறிக்கையாக எழுதினார். அதன் பேரில் 1892ல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்கும் உத்தரவு பிறந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் இன்றும் போராடிக் கேட்பது அந்த நிலத்தைத்தான்.

ஆக, ஒருவன் எத்தனை மொழி கற்றான் என்பது பாதிக் கேள்வி. கற்ற மொழியில் யாருடைய பேச்சைக் கேட்டான் என்பதே முழுக் கேள்வி.

தொழிலாளி கையில் மொழி

மொழி நம் கைக்கு வந்தால் என்ன நடக்கும்? அதற்கும் உதாரணங்கள் உண்டு.

1918 ஏப்ரல் 27. பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர்கள் சென்னைத் தொழிலாளர் சங்கத்தை அமைத்த நாள். தலைவர் பி. பி. வாடியா ஒரு பார்சி. அவருக்குத் தமிழ் வராது. அவர் ஆங்கிலத்தில் பேச, அது தமிழில் பெயர்த்துச் சொல்லப்பட்டது. தமிழில் முழங்கித் தொழிலாளரைத் திரட்டியவர் சங்கத்தின் துணைத் தலைவரான திரு. வி. க. அவர் யார்? வெஸ்லி கல்லூரியில் தமிழாசிரியராக இருந்து, வேலையை விட்டுப் பத்திரிகைக்கு வந்தவர்! மொழி வாத்தியார் வகுப்பறையை விட்டு ஆலை வாசலுக்கு வந்தார். சங்கம் எழுந்தது.

கடல் தாண்டிப் போவோம். அமெரிக்காவில் லாரன்ஸ் என்று ஒரு நெசவாலை நகரம். 1912 ஜனவரியில், வார வேலை நேரத்தை 56 மணியிலிருந்து 54 மணியாகக் குறைக்கும் சட்டம் அமலுக்கு வந்தது. முதலாளிகள் என்ன செய்தார்கள்? இரண்டு மணி நேரத்துக் கூலியையும் பிடித்துக்கொண்டார்கள். இருபதாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர் வெளியே வந்தார்கள். இத்தாலியர், போலந்துக்காரர், லித்துவேனியர், சிரியாக்காரர் என்று பல நாட்டு ஏழைகள். இவர்கள் ஒன்றாக நிற்க மாட்டார்கள் என்று முதலாளிகள் நிம்மதியாக இருந்தார்கள். பழைய தொழிற்சங்கத் தலைவர்கள்கூட அப்படித்தான் எண்ணினார்கள். ஆனால் வேலைநிறுத்தக் கமிட்டி ஒவ்வொரு இனத்திலிருந்தும் பிரதிநிதிகளைச் சேர்த்தது. கூட்டங்களில் பேசியதை இருபதுக்கும் மேற்பட்ட மொழிகளில் பெயர்த்துச் சொன்னார்கள். மார்ச் மாதத்தில் முதலாளிகள் பணிந்தார்கள், கூலி உயர்ந்தது. அங்கே வென்றது ஒற்றுமை. அந்த ஒற்றுமையைக் கட்டியதில் மொழிபெயர்ப்பாளருக்கும் பங்கு உண்டு.

நாம் கொண்டாடும் மே தினத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1886ல் சிகாகோவில் ஹே மார்க்கெட் கூட்டத்துக்கு அழைத்த துண்டுப் பிரசுரம் ஆங்கிலத்திலும் ஜெர்மன் மொழியிலும் அச்சானது. 1848ல் மார்க்சும் எங்கெல்சும் ஜெர்மன் மொழியில் எழுதிய கம்யூனிஸ்ட் அறிக்கை 1931ல் 'குடி அரசு' பத்திரிகையில் தமிழில் வந்தது. கார்க்கியின் 'தாய்' நாவலைத் தொ. மு. சி. ரகுநாதன் ஆங்கிலத்தின் வழியே தமிழாக்கினார். பூ. சோமசுந்தரம் மாஸ்கோவில் தங்கி, ரஷ்ய நூல்களை நேராகவே தமிழுக்குக் கொண்டுவந்தார். பிறமொழி கற்றவர்கள் இல்லாவிட்டால் இவற்றில் எது நம் கைக்கு வந்திருக்கும்?

நாம் வாங்கியது மட்டுமல்ல, கொடுத்ததும் உண்டு. நம் தமிழைப் பிறநாட்டு மொழியாகப் போதித்த ஆசிரியர்கள் ரஷ்யாவில் இருந்தார்கள். அலெக்சாந்தர் மெர்வார்த் 1914 முதல் 1918 வரை தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இருந்து தமிழ் கற்றார். ஊர் திரும்பிப் பெத்ரோகிராதில் தமிழ் போதித்தார். 1929ல் பேச்சுத் தமிழுக்கு ஓர் இலக்கணம் வெளியிட்டார். கவனியுங்கள், ஏட்டுத் தமிழுக்கு அல்ல, மக்கள் பேசும் தமிழுக்கு! அப்படிப்பட்டவர் 1930ல் பொய் வழக்கில் கைதாகி, 1932ல் கைதிகள் முகாமில் மாண்டார். சோஷலிசத்தின் பேரால் நடந்த அந்த அநீதியை மூடி மறைக்கக் கூடாது. மொழி அறிஞனைச் சந்தேகிக்கும் ஆட்சி எதுவானாலும் தன் கண்ணையே குத்திக்கொள்கிறது. ஆனால் அவர் இட்ட விதை கருகவில்லை. அவருக்குப் பின்னும் லெனின்கிராதிலும் மாஸ்கோவிலும் தமிழ் வகுப்புகள் நடந்தன. மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பல பத்தாண்டுகள் தமிழ் போதித்த அலெக்சாந்தர் துப்யான்ஸ்கி 2020 நவம்பரில் கொரோனாவுக்குப் பலியானபோது தமிழகமே அஞ்சலி செலுத்தியது.

ஓராண்டுக் கூலிகள்

இவ்வளவு பயன் தரும் இந்த ஆசிரியர்களை முதலாளித்துவம் எப்படி நடத்துகிறது?

இத்தாலியைப் பாருங்கள். அங்கே பல்கலைக்கழகங்களில் பிறநாட்டு மொழி போதிக்க, அந்த மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர்களை வேலைக்கு வைக்கிறார்கள். 1980ல் வந்த ஓர் ஆணைப்படி இவர்களுக்கு ஓராண்டு ஒப்பந்தம்தான். ஐந்து வருஷத்துக்கு மேல் புதுப்பிக்கக் கூடாது. அப்புறம் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்! வெனிஸ் பல்கலைக்கழகத்தின் இரண்டு ஆசிரியைகள் வழக்குத் தொடுத்தார்கள். பிறநாட்டு மொழி ஆசிரியருக்கு மட்டும் இப்படிக் காலக் கெடு வைப்பது பாரபட்சம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 1989ல் தீர்ப்பளித்தது. தீர்ப்போடு கதை முடிந்ததா? 1993ல் மறுபடி தீர்ப்பு. 2001ல் ஒன்று. 2006ல் ஒன்று. 2023ல் ஐரோப்பிய ஆணையம் மீண்டும் இத்தாலி மீது வழக்குப் போட்டது. வேலைக்குச் சேர்ந்தபோது தலை கறுத்திருந்தவர்கள் நரைத்து ஓய்வுபெற்றுவிட்டார்கள். பாக்கி மட்டும் தீரவில்லை. பி.எப். பாக்கிக்கும் கிராஜுவிட்டிக்கும் அலைந்த நம் தோழர்களுக்கு இந்தக் கதை புதிதா?

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா நிலக்கரிச் சுரங்க மாநிலம். அங்குள்ள அரசுப் பல்கலைக்கழகம், வரவைவிடச் செலவு மிஞ்சிவிட்டது என்று சொல்லி, 2023 செப்டம்பரில் 28 பட்டப்படிப்புகளையும் 143 ஆசிரியர் பணியிடங்களையும் வெட்டியது. பிறமொழி – இலக்கியத் துறையையே அடியோடு மூடுவதுதான் முதல் திட்டம். கைபேசிச் செயலி வைத்து மொழி கற்றுக்கொள்ளட்டும் என்றுகூடப் பேச்சு வந்தது. மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியேறிப் போராடிய பிறகு, ஸ்பானியமும் சீனமும் போதிக்கச் சிலரை மட்டும் மிச்சம் வைத்தார்கள். பணக்காரப் பிள்ளைகளுக்குப் பாதகமில்லை. அவர்கள் தனியார் பல்கலைக்கழகத்தில் எத்தனை மொழி வேண்டுமானாலும் படிப்பார்கள். கதவு அடைபட்டது சுரங்கத் தொழிலாளியின் மகனுக்கும் மகளுக்கும்தான்.

நம் நாட்டில்? 1857ல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை வரி பாக்கிக்காக வருமான வரித்துறை 2024 பிப்ரவரியில் முடக்கியது. ஊழியர் சம்பளத்துக்கே திண்டாட்டம் வந்தது. மத்திய, மாநில சர்க்கார்கள் கல்விக்குக் கொடுக்க வேண்டிய பணத்தைக் குறைத்தால், காலியான இடங்களை நிரப்ப மாட்டார்கள். ஒருவர் ஓய்வுபெற்றால் அந்த நாற்காலிக்கு 'கௌரவ விரிவுரையாளர்' வருவார். பெயரில் கௌரவம், சம்பளத்தில்? தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் இப்படி ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர். கௌரவ ஆசிரியருக்கு மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019ல் சொல்லிவிட்டது. ஆனால் இங்கே பல வருஷம் 20,000 ரூபாய். போராடிய பிறகு 25,000. அதுவும் வருஷத்தில் 11 மாதம்தான். பன்னிரண்டாவது மாதம் ஆசிரியரின் குடும்பம் சாப்பிட வேண்டாமா?

குஜராத்தில் ஒப்பந்த உதவிப் பேராசிரியருக்கு 30,000 ரூபாய். அதே வேலை பார்க்கும் நிரந்தர ஆசிரியருக்கு ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேல். 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இதைக் கண்டித்து, சம வேலைக்குச் சம ஊதியம் தரச் சொன்னது. அதே நீதிமன்றம் 2016லேயே தற்காலிக ஊழியர்களுக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் உண்டு என்று சொல்லியிருக்கிறது. தீர்ப்பு இருக்கிறது, சங்க பலம் இல்லாத இடத்தில் அது காகிதமாகவே இருக்கிறது. ஒரே மெஷினில், ஒரே ஷிப்டில், நிரந்தரத் தொழிலாளிக்கு ஒரு கூலி, காண்ட்ராக்ட் தொழிலாளிக்கு ஒரு கூலி என்று வாங்கும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மொழி ஆசிரியரை இது இன்னும் மோசமாக அடிக்கிறது. பிரெஞ்சு வகுப்பில் பத்துப் பேர், ஜெர்மன் வகுப்பில் எட்டுப் பேர் என்று தலையை எண்ணி, "இந்தத் துறையால் என்ன லாபம்?" என்று கேட்கிறார்கள். ஒரு மொழியைக் கற்றுத் தேற நாலைந்து வருஷம் ஆகும். போதிக்கும் தகுதி பெற அதற்கு மேலும் ஆகும். அறுந்த சங்கிலியை நினைத்த மாத்திரத்தில் கோக்க முடியாது. ஓர் ஆசிரியர் போனால் ஒரு தலைமுறைக்கு அந்த ஜன்னல் மூடிவிடும்.

நம் பேட்டையில் எத்தனை மொழி?

இனி நம் கும்மிடிப்பூண்டிக்கு வருவோம். சிப்காட் வாசலில் ஷிப்ட் விடும் நேரத்தில் நின்று கேளுங்கள். தமிழும் தெலுங்கும் கேட்கும், ஒடியா கேட்கும், போஜ்புரியும் இந்தியும் கேட்கும். திருவள்ளூர்ச் சுற்றுவட்டாரச் செங்கல் சூளைகளில் ஒடிசாவிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து கல் அறுக்கிறார்கள். ஆந்திர எல்லையைத் தாண்டினால் ஸ்ரீசிட்டியில் ஜப்பான் கம்பெனிகள். மெஷின் ஒரு நாட்டு மொழி பேசுகிறது, மானேஜர் இன்னொன்று, மேஸ்திரி வேறொன்று. முதலாளி தனக்குத் துபாஷி வைத்துக்கொள்கிறான். தொழிலாளிக்கு யார் துபாஷி?

உலைக்குப் பக்கத்தில் நிற்கும் ஒடிசாக்காரனுக்கு "விலகு!" என்று நாம் கத்துவது புரியாவிட்டால் என்ன ஆகும்? அந்த ஒரு சொல் ஓர் உயிர்! 1948ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம், ஆலைக்குள் ஒட்டும் அறிவிப்பு ஆங்கிலத்திலும், பெரும்பாலான தொழிலாளருக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும் என்றது. பெரும்பாலானவருக்குச் சரி, மீதிப் பேரின் கைகால் இரும்பா? இப்போது அந்தச் சட்டத்தின் இடத்தையும் 2025 நவம்பரில் அமலுக்கு வந்த தொழிலாளர் தொகுப்புச் சட்டம் பிடித்துக்கொண்டது. ஆகவே சட்டத்தில் எழுதியிருக்கிறது என்று கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாது. சங்கமே கேட்டு வாங்க வேண்டும்.

இங்கே ஒரு தோழர் எழுந்து, "அப்படியானால் இந்தியைத் திணிப்பதை ஒப்புக்கொள்ளச் சொல்கிறீர்களா?" என்று கேட்கலாம். இல்லவே இல்லை! கட்டாய அரசு மொழி எதற்கு என்று 1914லேயே லெனின் கேட்டு எழுதினார். தடி கொண்டு திணித்தால் வெறுப்புத்தான் வளரும். வாழ்க்கைக்குத் தேவையானால் மக்கள் தாமே கற்பார்கள் என்பது அவர் வாதம். 1965ல் தமிழ்நாடு கொந்தளித்ததும் கட்டாயத்தை எதிர்த்துத்தான். எந்த ஏழையின் தாய்மொழியையும் எதிர்த்து அல்ல. டெல்லி சர்க்காரின் திணிப்பு வேறு. பக்கத்து மெஷினில் வேலை செய்யும் தோழனின் பாஷையில் நாலு வார்த்தை கற்பது வேறு. முன்னது அதிகாரம், பின்னது சகோதரத்துவம். அவன் தமிழ் கற்கட்டும். நாம் அவன் சொல்லைக் கற்போம். "வடக்கத்தியான் வந்து கூலியைக் கெடுத்தான்" என்று நம்மைப் பேசவிட்டு, அந்தச் சண்டையில் இரு கூலியையும் குறைக்கிறவன் யார் என்பதை மறக்க வேண்டாம். லாரன்ஸ் நகர முதலாளி போட்ட கணக்கும் அதுதானே!

நாம் கேட்க வேண்டியவை

தோழர்களே! பேச்சு போதும், செய்ய வேண்டியதைச் சொல்வோம்.

பல்கலைக்கழகங்களிலும் அரசுக் கல்லூரிகளிலும் பிறமொழித் துறைகளில் காலியான இடங்களை நிரந்தர ஆசிரியர்களைக் கொண்டு நிரப்ப வேண்டும். கௌரவ விரிவுரையாளருக்குச் சம வேலைக்குச் சம ஊதியம், 12 மாதச் சம்பளம், பிரசவ விடுப்பு, சேமநல நிதி வேண்டும். மாணவர் தலையை எண்ணித் துறையை மூடக் கூடாது.

கிராமத்துப் பள்ளியில் படித்த நம் பிள்ளைகள் பல்கலைக்கழகத்தில் எந்த நாட்டு மொழியையும் கட்டணச் சுமையின்றிக் கற்க வழி வேண்டும். அப்படிக் கற்றவர்கள் உலக இலக்கியத்தை நேராகத் தமிழுக்குக் கொண்டுவரச் சர்க்கார் உதவ வேண்டும்.

தொழிற்பேட்டைகளில் ஷிப்ட் முடிந்தபின் தொழிலாளருக்கு மாலை மொழி வகுப்புகள் வேண்டும். வெளிமாநிலத் தோழர்களுக்குத் தமிழ். விரும்பும் தமிழ்த் தோழர்களுக்கு ஒடியா, இந்தி, தெலுங்கு, ஜப்பானியம். அதற்கு ஆசிரியரை அனுப்புவது பல்கலைக்கழகத்தின் கடமை. செலவை ஏற்பது முதலாளிகளின் கடமை. சூளைக் குழந்தைகளுக்கு அவர்கள் தாய்மொழியிலும் தமிழிலும் பாடம் சொல்ல ஆசிரியர் வேண்டும். ஆலைக்குள் ஒவ்வோர் எச்சரிக்கைப் பலகையும் அங்கே வேலை செய்யும் எல்லாத் தொழிலாளரின் மொழியிலும் இருக்க வேண்டும்.

இவற்றைக் கேட்பதோடு நின்றால் போதாது. நாளைக்கு அந்த ஆசிரியர்கள் சம்பளத்துக்காகக் காத்திருப்புப் போராட்டம் நடத்தினால், "படித்தவர்கள் சண்டை" என்று நாம் ஒதுங்கி நிற்கக் கூடாது. நம் சங்கக் கொடியோடு அங்கே போய் உட்கார வேண்டும். அவர்களும் தங்கள் பட்டத்தைப் பெருமையாகப் போர்த்துக்கொண்டு, "நாங்கள் வேறு, கூலிக்காரர் வேறு" என்று எண்ணக் கூடாது. 11 மாதச் சம்பளம் வாங்குகிறவர் எந்தப் பட்டம் வாங்கினாலும் கூலிக்காரர்தான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

1812ல் ஆண்டவன் வரி வசூலுக்காக நம் மொழியைக் கற்றான். நாம் உலகத்தின் மொழிகளைக் கற்பது உழைப்பவரை உழைப்பவரோடு சேர்ப்பதற்காக. அந்தப் பாலத்தைக் கட்டும் ஆசிரியரைப் பட்டினி போட விடமாட்டோம். ஆலையும் கழனியும் கல்லூரியும் ஒரே அணியில் நிற்கட்டும்!